நாங்கள் தாமதித்த ஒன்பது நாட்கள்

கொள்முதல் பிரிவில் பணியாற்றிய உறுப்பினர்:
சீருடைகள் தைத்து வாங்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. மேலதிக நேரத்தையும் சேர்த்து வாரத்திற்கு 60 மணி நேரத்துக்கு மேல் யாரிடமும் வேலை வாங்கக் கூடாது என்னும் நடத்தை விதியில் கையெழுத்திட்ட ஆலைகளுக்கு மட்டுமே ஆர்டர் கொடுப்போம். ஒருமுறை, நிறத்தை முடிவுசெய்ய வேண்டிய எங்கள் மேலாளர்கள் ஒன்பது நாட்கள் தாமதித்தார்கள். சரக்கை அனுப்ப வேண்டிய தேதியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிவைக்கவில்லை. பின்னர் தணிக்கைக்குச் சென்றபோது, வருகைப் பதிவேட்டின்படி அனைவரும் மாலை ஆறு மணிக்கே வீடு திரும்பியிருந்தார்கள். உற்பத்திக் குறிப்பேட்டிலோ நள்ளிரவுக்குப் பிறகு தைத்த உருப்படிகளின் எண்ணிக்கையும் இருந்தது. பொய்க் கணக்கு எழுதியதற்காக அந்த ஆலையின் மதிப்பெண்ணைக் குறைத்தேன். எங்கள் தாமதத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அடுத்த ஒப்பந்தத்தில், மாதிரிக்கு ஒப்புதல் தர நாங்கள் எத்தனை நாட்கள் தாமதிக்கிறோமோ அத்தனை நாட்கள் அனுப்பும் தேதியும் தள்ளிப்போகும் என்று சேர்த்தோம். விலைப்புள்ளியில் கூலியைத் தனி வரியாகப் பிரித்து, பேரம் அதைத் தொடக் கூடாது என்றும் எழுதினோம். இரண்டாவதற்கு எதிர்ப்பு வந்தது எங்கள் நிதிப் பிரிவிலிருந்துதான்!

ஆலை மேற்பார்வையாளராக இருந்த உறுப்பினர்:
ஐயா, அப்படிப் பொய்யான வருகைப் பதிவேட்டை எழுதும் இடத்தில் இருந்தவன் நான். துணிக்கு உடனே பணம் கட்ட வேண்டும், கூலியை வாரந்தோறும் கொடுக்க வேண்டும். சரக்கு போய் 90 நாட்கள் கழித்துத்தான் எங்கள் பில் தொகை வரும். இடைப்பட்ட வட்டியை எந்த விலைப்புள்ளியிலும் காட்ட முடியாது, ஆகவே அது ஓவர்டைம் தொகையிலிருந்தே கழிந்தது. கட்டுபடியாகாத விலைக்கு ஏன் ஒப்புக்கொண்டீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. மறுத்தால் அடுத்த பருவத்து ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும் என்ற அச்சம்தான் காரணம். 2020-இல், வெட்டி முடித்த துணிக்கான ஆர்டரையே ஒரு மின்னஞ்சலில் ரத்துசெய்தார்கள். அந்த மாதக் கூலியைப் பாதியாகத்தான் கொடுக்க முடிந்தது. வாங்குபவர்களில் ஒருவர் மட்டும், வெட்டிய துணிக்குரிய பணத்தை முழுமையாகச் செலுத்தினார். அவருடைய வேலையைச் செய்த தையல் வரிசையில் கூலி குறையவில்லை.

தணிக்கையாளரான உறுப்பினர்:
நான் பார்த்தது இதற்கு நேர்மாறான தவறு. ஓர் ஆலையில் அவசர வழி பூட்டியிருந்ததைக் கண்டு அறிக்கை கொடுத்தேன். வாங்கும் நிறுவனம் பொறுப்புடன் நடப்பதாக நினைத்து, மறுவாரமே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. 2011-இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை ஏற்றுக்கொண்ட வணிகமும் மனித உரிமைகளும் குறித்த வழிகாட்டு நெறிகள், வாங்கும் நிறுவனம் முதலில் தன் செல்வாக்கைப் பயன்படுத்தித் திருத்த முயல வேண்டும் என்றும், விலகுவதால் தொழிலாளர்களுக்கு நேரும் பாதிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்கின்றன. அந்த நிறுவனம் இரண்டையும் செய்யவில்லை. பூட்டைத் திறக்க ஒரு நாள் போதுமாயிருந்தது. ஆர்டர் போனதும் இரண்டு தையல் வரிசைகளை மூடினார்கள். பூட்டைப் பற்றி என்னிடம் துணிந்து சொன்ன பெண்மணியும் அவற்றில் ஒன்றில்தான் வேலை செய்தார்.