விளக்கு வைத்தால் ஓடும் தகரப் படகு: இப்போது ஓடுதில்லை

2003 ஆடி அமாவாசைக்கு மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தத்தில் அப்பா வாங்கித் தந்த தகரப் படகு, போன மாதம் பழைய பெட்டிக்குள் இருந்து கிடைத்தது. உள்ளே சின்ன விளக்கைக் கொளுத்தி வைத்தால் நீராவியில் டக டக என்று பேசினுக்குள் சுற்றுமே, அதேதான். ஒரு சாண் நீளம், பின்னால் இரண்டு குழாய்.

இப்போது கொளுத்தினால் சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. ஸ்ட்ரோவால் ஊதி இரண்டு குழாயிலும் தண்ணீர் நிரப்பினேன், தேங்காய் எண்ணெய்த் திரியை விட்டு மெழுகுதிரியும் வைத்துப் பார்த்தேன், துருவுக்கு வினாகிரியில் ஒரு இரவு ஊற விட்டேன். ஊதும்போது, உள்ளே தண்ணீர் கொதிக்கும் சின்ன அறையின் மேல் தகடு சேரும் விளிம்பில் குமிழி வருகிறது, அப்போ அங்கேதான் ஓட்டை. பசை வைத்து அடைத்தேன், சூடேறியதும் கழன்றுவிட்டது (வீடு முழுக்க நாற்றம், மனைவியிடம் வாங்கிக் கட்டியது வேறு கதை).

ஈயம் வைக்கக் கேட்டால், இவ்வளவு மெல்லிய தகடு பொசுங்கிவிடும் என்று இரண்டு கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தகடு துடித்தால்தானே சத்தமே வரும், தடித்த ஒட்டும் சரிவராது.

கல்லடியில் இருக்கிறேன், கல்முனை வரைக்கும் வரலாம். இந்த மாதிரி மெல்லிய தகரத்துக்கு ஈயம் வைத்துத் தரக்கூடிய கடை எங்கே இருக்கிறது?