சாண்ட்ஹம்ன் முதல் ஊட்டோ வரை: நீச்சலோட்ட உலகப் போட்டியில் கண்டவையும் பட்டவையும்

ஸ்டாக்ஹோம்வாசி எழுதியது:

ஸ்வீடனில் ஆண்டுதோறும் செப்டம்பர் தொடக்கத்தில் நடைபெறும், நீச்சலும் ஓட்டமும் மாறி மாறி வரும் ஓடில்லோ நீச்சலோட்ட உலகச் சாம்பியன் போட்டியை நேரில் கண்டவர்களும், ஓடில்லோ தொடரின் பிற போட்டிகளில் பங்கேற்றவர்களும் இங்கே தத்தம் அனுபவங்களை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேட்பவனே முதலில் எழுதுவதுதான் முறை என்பதால், ஊர்னோ தீவில் தன்னார்வலனாக நின்று நான் கண்டவற்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே பால்டிக் கடலில் ஏறத்தாழ 30,000 தீவுகளும் பாறைத் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் வெளிக்கடலை ஒட்டியுள்ள சாண்ட்ஹம்னிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்படும் அணிகள், இருபதுக்கும் மேற்பட்ட தீவுகளில் ஏறி இறங்கித் தெற்கே ஊட்டோ தீவிலுள்ள பழைய விடுதியின் வாசலை அடைய வேண்டும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அதில் நீச்சல் மட்டும் பத்து கிலோமீட்டரை ஒட்டி வரும். ஆண்டுக்கு ஆண்டு பாதை சற்றே மாறுவதுண்டு. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் இருப்பதுபோல உடை மாற்றிக்கொள்வதற்கென்று தனி இடம் எதுவும் இங்கே கிடையாது. காலணியை அணிந்தபடியே நீந்துகிறார்கள், குளிர்நீரில் நீந்த அணியும் வெட்சூட்டோடேயே காட்டில் ஓடுகிறார்கள். நீரில் கால்கள் தாழாதிருக்க இடுக்கிக்கொள்ளும் மிதவையைக் கரையேறியதும் தொடையின் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட்டு, கைத்துடுப்புகளை மணிக்கட்டில் தொங்கவிட்டபடி ஓடும் அவர்களை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும்; ஆறு மணி நேரம் கழித்து அதே கோலத்தில் பார்த்தால் வராது.

இப்போட்டி ஒரு பந்தயத்தில் பிறந்தது. 2002ஆம் ஆண்டில் ஊட்டோ விடுதியின் உரிமையாளர் ஆண்டர்ஸ் மால்ம், அவரிடம் பணிபுரிந்த யான்னே லிண்ட்பெரி, சகோதரர்களான யெஸ்பர் ஆண்டர்சன், மாட்ஸ் ஆண்டர்சன் ஆகிய நால்வரும் இருவர் இருவராகப் பிரிந்து ஊட்டோவிலிருந்து சாண்ட்ஹம்னுக்கு நீந்தியும் ஓடியும் செல்வது என்றும், பிந்தி வரும் அணியே அங்கே தங்கும் செலவையும் இரவு விருந்தின் செலவையும் ஏற்பது என்றும் பேசிக்கொண்டார்கள். போய்ச் சேர ஒரு நாளுக்கு மேல் ஆயிற்று. மைக்கேல் லெம்மல், மாட்ஸ் ஸ்காட் ஆகிய இருவரும் அதை முறையான போட்டியாக வளர்த்தெடுத்தனர். 2006இல் முதல் போட்டி நடந்தது. இப்போது திசை மட்டும் தலைகீழாகிவிட்டது. அந்தப் பந்தயத்திலிருந்து இன்றுவரை மாறாமல் தொடர்வனவற்றில், பாதையைவிட முக்கியமானது ‘இருவர் ஓர் அணி’ என்னும் ஏற்பாடுதான் என்பது என் எண்ணம். இருவருக்கும் இடையே பத்து மீட்டருக்கு மேல் இடைவெளி விழக்கூடாது, ஒருவர் விலகினால் மற்றவரும் விலகியாக வேண்டும் என்னும் விதிகள்தாம் இதைச் சாதாரணத் தாங்குதிறன் போட்டியிலிருந்து வேறாக்குகின்றன. எவ்வளவு திறமை இருந்தாலும் தன் துணையைவிட வேகமாக ஒருவரால் இப்போட்டியை முடிக்க இயலாது.

ஊர்னோவில்தான் மிக நீண்ட ஓட்டம் வருகிறது. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். அங்கே வந்து சேர்வதற்குள் அணிகள் இரண்டு கடுமையான நீச்சல்களை முடித்திருக்கும். ஒன்று, காலையிலேயே சாண்ட்ஹம்னிலிருந்து நீந்த வேண்டிய சுமார் 1,750 மீட்டர். மற்றொன்று, ஊர்னோவுக்குச் சற்று முன்னால் வரும் சுமார் 1,400 மீட்டர். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மறைவே இல்லாத அந்த இடத்துக்குப் போட்டியாளர்கள் வைத்திருக்கும் பெயர் பன்றி நீச்சல். உணவு மேசைக்குப் பின்னால் நின்ற எனக்கு, வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதைவிட விரல்களைப் பார்ப்பதே அதிகம் சொல்லித் தந்தது. குளிரில் விறைத்த விரல்கள் மடங்க மறுக்கும். கோப்பையை ஒற்றைக் கையால் பிடிக்க முடியாது. ஒரு கலப்பு அணியில் வந்த ஆண், இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே கோப்பையை அழுத்திப் பிடித்துக் குடிக்க முயன்று பாதியை மார்பில் கொட்டிக்கொண்டார். உடன் வந்த பெண் ஒன்றும் பேசாமல் அடுத்த கோப்பையை எடுத்து அவர் வாயருகே பிடித்தார். ஆற்றல் தரும் ஜெல்லின் உறையைத் தம் பல்லால் கிழித்து ஊட்டினார். பிறகு சட்டைக் கையின் விளிம்புக்குள் செருகி வைத்திருந்த பழைய உறைகளையும் சேர்த்து எங்கள் குப்பைப் பையில் போட்டார். வழியில் குப்பை போடும் அணி தகுதி இழக்கும். அவ்வளவு களைப்பிலும் அந்த விதியை யாரும் மறப்பதை நான் பார்க்கவில்லை. புறப்படும்போது அந்தப் பெண், துணையை இழுத்துச் செல்வதற்காகத் தம் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றின் கொக்கியை அந்த ஆணின் இடுப்புப் பட்டையில் மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு ஓடத் தொடங்கினார்.

வேறு வகையான அணிகளும் வந்தன. இரண்டு ஆண்கள், கயிறு இருந்தது, ஆனால் தரையில் புரண்டது. முன்னால் வந்தவர் மேசையை நெருங்கும் முன்பே குடித்துவிட்டுக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். பின்னால் வந்தவர் நிதானமாக வாழைப்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் இடையே ஒரு சொல் கூடப் பரிமாறப்படவில்லை. பட்டியலில் அந்த அணி மேலே இருந்திருக்கலாம், கீழேயும் இருந்திருக்கலாம். நான் தேடிப் பார்க்கவில்லை. வெல்பவர்களுக்கே ஏழு மணி நேரம் அளவில் பிடிக்கும் ஒரு போட்டியில், பின்வரிசை அணிகள் மாலை வரை அந்த மௌனத்தைச் சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும்.

ஏரிக்கரையான் எழுதியது:

நல்ல தொடக்கம். நான் சூரிச்சில் வசிக்கிறேன்; உலகப் போட்டியை அல்ல, அத்தொடரைச் சேர்ந்த எங்காடின் போட்டியைப் பற்றி எழுத முடியும். சுவிட்சர்லாந்தின் மலோயாவில் தொடங்கிச் சில்வாபிளானாவில் முடியும் இப்போட்டி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் ஏரிகளுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் இடையே நடைபெறுகிறது. பனியுருகி வரும் நீர் என்பதால் ஜூலையிலும் குளிர் குறைவதில்லை. மூச்சுக்குக் கிடைக்கும் காற்றோ சமவெளியில் கிடைப்பதைவிடக் குறைவு. காலையில் கண்ணாடிபோல் கிடக்கும் ஏரிகளில், மலோயா கணவாயிலிருந்து இறங்கும் காற்று நண்பகலுக்குப் பிறகு அலையெழுப்பத் தொடங்கும். முன்வரிசை அணிகள் அதைப் பெரும்பாலும் காண்பதில்லை. எங்களைப் போன்றவர்களுக்கே அது வாய்க்கும்.

கயிற்றைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் துணைவர் என்னுடன் பணிபுரிபவர். ஓட்டத்தில் என்னைவிட வல்லவர், நீரில் நான் அவரைவிடச் சற்று மேல். ஆகவே கரையில் அவர் இழுப்பார், ஏரியில் நான் இழுப்பேன். சொல்லும்போது எளிதாகத் தோன்றும் இந்தப் பங்கீட்டில் நுட்பங்கள் பல உள்ளன. கயிறு நெகிழ்வுள்ளதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு கைவீச்சிலும் இடுப்பில் ஒரு வெட்டு விழும். நீளம் குறைந்தால் பின்னால் வருபவரின் கை முன்னால் இருப்பவரின் காலணியில் மோதும். நீளம் கூடினால், முன்னால் நீந்துபவர் பிளக்கும் நீரின் பின்னிழுப்பு பின்னால் வருபவருக்குக் கிடைக்காது. இதைவிடக் கடினம் கரையேறும் கணம். வழுக்கும் பாறையில் முன்னவர் கைவைத்து எழும்போது பின்னவர் இன்னும் நீரில் இருப்பார். அந்த நேரத்தில் முன்னவர் ஓரடி வேகமாக எடுத்து வைத்தால் பின்னவர் முகம் குப்புற விழுவார். நாங்கள் பயிற்சியில் பெரும்பகுதியை நீச்சலிலோ ஓட்டத்திலோ செலவிடாமல், ஏரிக்கரையில் ஏறுவதிலும் இறங்குவதிலும் கழித்தோம். பார்ப்பவர்களுக்கு அது பயிற்சியாகத் தோன்றியிருக்காது.

இழுக்கப்படுவதற்கும் ஒரு மனப்பக்குவம் வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். மலைப்பாதை ஏற்றத்தில் அவர் கயிற்றை மாட்ட வந்தபோதெல்லாம் எனக்குள் ஒரு கூச்சம் எழுந்தது. அவரோ ஏரியில் நான் இழுத்தபோது அதை மிக இயல்பாக எடுத்துக்கொண்டார். காலை அசைக்காமல் மிதந்து வந்ததாகக்கூட எனக்கு ஓர் ஐயம் உண்டு.

மணல்மேடு கேட்டது:

பொறுமையாக எழுதும் இருவருக்கும் நன்றி. உலக டிரையத்லான் அமைப்பு நடத்தும் அக்வத்லான் சாம்பியன் போட்டியும் நீச்சலும் ஓட்டமும் சேர்ந்ததுதானே? இதற்கும் அதற்கும் என்ன உறவு? பால்டிக் கடலில் நீந்துவது மற்றக் கடல்களில் நீந்துவதிலிருந்து வேறுபட்டதா?

ஸ்டாக்ஹோம்வாசி எழுதியது:

உறவு பெயரளவில்தான், ஐயா. அக்வத்லான் தனிநபர் போட்டி. வழக்கமாக ஒரு கிலோமீட்டர் நீச்சலும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டமும் கொண்டது. நீரிலிருந்து வந்து காலணி மாற்றிக்கொள்ள இடம் உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அங்கே வேகம் பெரிது. நீச்சலோட்டத் தொடரின் மற்றப் போட்டிகளிலும் இப்போது தனியாகக் கலந்துகொள்ள இடமளிக்கிறார்கள். அதில் தவறில்லை என்றாலும், சிறப்பில் பாதி போய்விடுகிறது என்பது என் சொந்தக் கருத்து.

பால்டிக் கடலைப் பற்றிய கேள்வி முக்கியமானது. இங்கே நீரில் உப்பு மிகக் குறைவு. பெருங்கடல் நீரில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே உடல் மிதப்பது குறையும். அதை வெட்சூட்டும் மிதவையும் ஈடுகட்டுகின்றன. பாறைகளோ பனியாறுகள் தேய்த்து மெருகேற்றியவை. பனியாறு வடக்கிலிருந்து நகர்ந்து வந்ததால், பொதுவாகத் தீவுகளின் வடபுறம் வழவழப்பாகவும் தென்புறம் உடைந்து செங்குத்தாகவும் இருக்கும். தெற்கு நோக்கிச் செல்லும் போட்டியாளர்கள் பெரும்பாலும் வழுக்கும் பக்கத்தில் கரையேறி, உடைந்த பக்கத்தில் இறங்க வேண்டியிருக்கிறது. ஏரிக்கரையான் சொன்ன அந்தக் கரையேறும் கணம் இங்கே ஒரே நாளில் இருபது தடவைக்கு மேல் வரும்; பாசி படிந்த பாறையில் முழங்காலையும் முழங்கையையும் ஊன்றி ஏறும் சாம்பியன்களைப் பார்த்திருக்கிறேன், அழகாக ஏறியவர் எவரையும் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடங்கும்போது எடுத்துச் சென்ற பொருள்கள் அனைத்தையும் முடியும்வரை அணி சுமந்து வர வேண்டும். விசில், திசைகாட்டி, காயக்கட்டு ஆகியவை கட்டாயம். வழியில் ஆங்காங்கே நேர வரம்புகள் உண்டு. ஒரு தீவை உரிய நேரத்துக்குள் கடக்காத அணியை நிறுத்திவிடுவார்கள். நான் நின்ற இடத்திலிருந்து சற்றுத் தொலைவில் ஓர் அணி அவ்வாறு நிறுத்தப்பட்டது. இருவரில் ஒருவர் இன்னும் நன்றாக ஓடும் நிலையில் இருந்தார் என்பது வெளிப்படையாகத் தெரிந்தது. அவர் துணைவரைத் திரும்பிப் பார்க்காமல் முதலில் கயிற்றைக் கழற்றினார். அதன் பின் படகு வரும்வரை இருவரும் ஒரே போர்வைக்குள் அமர்ந்து, அடுத்த ஆண்டு எந்தக் காலணி எடுப்பது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தின் சில்லித் தீவுகளிலோ குரோவேசியாவின் ஹ்வார் தீவிலோ நீந்தியவர்கள் யாரேனும் இருந்தால், உப்பு மிகுந்த அந்தக் கடல்களில் மிதவை எவ்வளவு தேவைப்பட்டது என்பதை எழுதுங்கள். ஏரிக்கரையானின் துணைவர் மிதந்து வந்தாரா, உதைத்து வந்தாரா என்பதையும் அவரிடமே கேட்டுச் சொல்லலாம்.