ஊசிக்குத் தானே தொடை காட்டும் குரங்கு: ரீசஸ் குரங்கு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்வோர் பகிர்பவை

பயிற்சியாளர்

கூண்டின் பின்சுவரை முன்னால் இழுத்துக் குரங்கை நெருக்கி ஊசி போடுவது ஒரு நிமிட வேலைதான். ஆனால் அந்தப் போராட்டத்தில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன், ரத்தச் சர்க்கரை, நியூட்ரோபில் என்னும் வெள்ளையணு எல்லாம் ஏறத் தொடங்கிவிடும். பிறகு எடுக்கும் ரத்தம் மருந்தைப் பற்றிப் பேசுகிறதா, பயத்தைப் பற்றிப் பேசுகிறதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் தொடையைத் தானே காட்டப் பழக்குவதற்கு ஆகும் வாரங்கள் வீணல்ல.

முதலில் கிளிக்கர், அதாவது அழுத்தினால் சொடுக்கும் சிறு கருவி. ஒரு சொடுக்கு, உடனே ஓர் உலர்திராட்சை. இரண்டு வினாடிக்கு மேல் தாமதித்தால் குரங்கு அதற்குள் வேறு எதையாவது செய்திருக்கும். பரிசு அதற்குப் போய்ச் சேரும். இப்படி இருபது முப்பது முறை ஆனதும், நிறமுள்ள உருண்டை பொருத்திய குச்சியைக் கம்பியருகே காட்டுங்கள். தொட்டால் சொடுக்கு. அடுத்து இரண்டாவது குச்சி: ஒன்றைக் கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், மற்றொன்றைத் தொடையால் தொட வேண்டும். கை குச்சியில் இருக்கும் வரை அது உங்கள் விரலுக்கு வராது, அதுதான் முதல் குச்சியின் வேலை.

தொடை கம்பியோடு ஒட்டி நின்ற பிறகு அதை முதலில் விரலால் தொடுங்கள், பிறகு விரலுக்குப் பதில் மழுங்கிய குச்சி, அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்ச், அப்புறம் மூடி போட்ட ஊசி, கடைசியில் கொஞ்சம் உப்புநீருடன் மெல்லிய ஊசி. ஒவ்வொரு படியிலும் நிற்கும் நேரத்தை ஒரு வினாடியிலிருந்து பத்து வினாடி வரை நீட்டுங்கள். குரங்கு பின்வாங்கினால் ஒரு படி இறங்குங்கள், தொடர்ந்து வற்புறுத்தாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். ஆர்வம் குறைவதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

பெரும்பாலும் கெடுவது பயிற்சி முடிந்த பிறகுதான். சிரிஞ்ச் வரும்போதெல்லாம் நிஜ ஊசி என்றானால் சில நாளில் தொடை காட்டுவது நின்றுவிடும். ஒரு நிஜ ஊசிக்குப் பல வெறும் ஒத்திகைகள் வேண்டும், நிஜ ஊசிக்கு மட்டும் பெரிய பரிசு. இன்னொன்று, ஒரு பராமரிப்பாளர் சொல்லால் அழைத்து மற்றவர் கைச்சைகையால் அழைத்தால் குரங்கு குழம்பிப் போகும். அழைப்புச் சொல்லை எழுதிக் கூண்டறைக் கதவில் ஒட்டிவிடுங்கள்.

பராமரிப்பாளர்

மேலே சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். "இந்தக் குரங்குக்குப் புத்தி மந்தம், பழகவே மாட்டேன் என்கிறது" என்று ஒதுக்கப்படுபவற்றில் பல, எதிர்க்கூண்டில் இருக்கும், தன்னைவிட அதிகாரம் கூடிய மேல்நிலைக் குரங்கின் பார்வைக்கு அஞ்சிப் பரிசைத் தொடாதவை. நடுவே ஒளி புகாத தடுப்பை வையுங்கள், அல்லது மேல்நிலையுள்ளதை முதலில் பழக்குங்கள். நீங்களும் கண்ணுக்குள் பார்க்காதீர்கள், பல் தெரியச் சிரிக்காதீர்கள். நேர்ப்பார்வை அவற்றுக்கு மிரட்டல். உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டுவது பயமும் பணிவும். வாயைத் திறந்து வெறித்தால் தாக்க வரலாம். மெல்ல உதடு சப்புவது மட்டுமே நட்பு.

கால்நடை மருத்துவர்

கீட்டமைன் என்னும் மயக்க மருந்து கிலோவுக்கு 10 மி.கி. என்றால் 6 கிலோ குரங்குக்கு 60 மி.கி.; 100 மி.கி./மி.லி. மருந்தில் அது 0.6 மி.லி. இந்த மருந்து அமிலத்தன்மை உள்ளது, தசையில் எரியும். பழக்கிய குரங்கு ஊசியை மறக்காததற்கு இதுவும் காரணம். மயக்கத்தில் கண் திறந்தே இருக்கும், ஆகவே கண் களிம்பு போடாமல் விடாதீர்கள். வயிற்றைக் காலியாக வைத்திருந்தாலும் கன்னப் பைகளைத் தடவிப் பாருங்கள். அங்கே பதுக்கிய கடலை மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

இனிச் சொல்வது எல்லாவற்றையும்விட முக்கியம். மக்காக் குரங்குகளில் (ரீசஸும் இந்த வகைதான்) பரவலாக உள்ள பி வைரஸ் என்னும் ஹெர்ப்பீஸ் வகை வைரஸ் அவற்றில் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது, விட்டு விட்டு எச்சிலில் வெளிப்படும். மனிதருக்கு அது மூளை அழற்சி. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலோர் இறந்துவிடுவர். 1997இல் அமெரிக்காவில் ஓர் இளம் ஆய்வாளர் இறந்தது கடியால் அல்ல, கண்ணில் பட்ட துளியால். ஆகவே எல்லா மக்காக்களையும் தொற்றுள்ளதாகவே நடத்துங்கள். முகமூடியோடு கண்ணை முழுதாக மூடும் கண்ணாடியும் வேண்டும்.

கடியோ கீறலோ பட்டால் ஐந்து நிமிடத்துக்குள் கழுவத் தொடங்கிப் பதினைந்து நிமிடம் நிறுத்தாமல் கழுவுங்கள். தோலுக்குச் சோப்பு அல்லது போவிடோன் அயோடின் என்னும் கிருமிநாசினி, கண்ணுக்கு வெறும் தண்ணீர் அல்லது உப்புநீர் மட்டும். கழுவுவதற்கு முன் மாதிரி எடுக்கப் பஞ்சால் தேய்க்காதீர்கள், அது வைரஸை உள்ளே தள்ளும். தடுப்புச் சிகிச்சை தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால் வழக்கமாக வாலாசைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்து 1 கிராம், எட்டு மணிக்கு ஒரு முறை, 14 நாள். பிறகு வரும் வாரங்களில் காய்ச்சல், காயத்தருகே கொப்புளம், மரத்துப்போதல், இரட்டைப் பார்வை எதுவானாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வெளி மருத்துவர் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று அனுப்பிவிடுவார். "மக்காக் குரங்குகளோடு வேலை செய்கிறேன்" என்று எழுதிய அட்டை எப்போதும் பணப்பையில் இருக்கட்டும்.

நடத்தை ஆய்வாளர்

உளவியலாளர் ஹாரி ஹார்லோ அமெரிக்காவின் விஸ்கான்சினில், தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குட்டிகளுக்குத் துணியாலும் கம்பியாலும் செய்த பொம்மைத் தாய்களைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளை 1958இல் வெளியிட்டார். தனிமையில் வளர்ந்தவை உடலை முன்னும் பின்னும் ஆட்டுவதும் தன் கையைக் கடிப்பதும் அடுத்த சில ஆண்டுகளிலேயே தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் இன்றும் தேவையில்லாமல் தனிக்கூண்டில் வைப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. தன்னைக் கடிக்கும் குரங்கின் தரவு எதற்கும் உதவாது.

ஜோடி சேர்க்கும்போது முதலில் கம்பித் தடுப்பு. இரண்டில் ஒன்று தெளிவாகப் பணிய வேண்டும். இரண்டும் நாள்கணக்கில் மாறி மாறி மிரட்டினால் அந்த ஜோடி வேண்டாம். தடுப்பைத் திறப்பது வார முதல் நாள் காலையில் இருக்கட்டும், வார இறுதிக்கு முந்தைய மாலையில் வேண்டவே வேண்டாம். உணவு இரண்டு இடத்தில், உட்காரும் பலகை இரண்டு. முதல் சில இரவுகள் பிரித்து வைப்பது நல்லது. ஆய்வுக்காகப் பல நாள் பிரித்துவிட்டு நேராக ஒன்றாக விடுவதுதான் பெரும் சண்டைக்கு வழி, பழைய ஜோடியானாலும் தடுப்பிலிருந்தே மறுபடி தொடங்குங்கள். ஆணின் கோரைப்பல் காயம் மேலே சிறு துளையாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாகக் கிழித்திருக்கும். விரல், வாலடி, பிட்டம் மூன்றையும் ரோமத்தை விலக்கிப் பாருங்கள்.