சென்னை துரைப்பாக்கத்தில் கட்டடம் லீஸுக்கு எடுத்து ஆண்கள் விடுதி: பத்து லட்சம் அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கத்தார்_திரும்பியவன்:
வணக்கம். எட்டு வருடம் வெளிநாட்டில் இருந்து சேர்த்த 17 லட்சம் கையில் இருக்கிறது. துரைப்பாக்கம் உள்தெருவில் 14 அறை கட்டடம் ஒன்று வந்திருக்கிறது. வாடகை மாதம் ஒரு லட்சம், பத்து மாத அட்வான்ஸ், ஐந்து வருட லீஸ். அறைக்கு மூன்று கட்டில் போட்டால் 42 பேர். சாப்பாட்டோடு ஆளுக்கு 8,500 என்றால் 3,57,000. சாப்பாட்டுச் செலவு தலைக்கு 3,000, சமையல்காரர், வாட்ச்மேன் சம்பளம் 45,000, கரண்ட், தண்ணீர், நெட் 42,000. வாடகையும் போக 44,000 மிஞ்சுகிறது. கட்டில், மெத்தை, பீரோவுக்கு ஆறு லட்சம் தனி. கணக்கில் எங்காவது ஓட்டை இருக்கிறதா? மனைவி பயப்படுகிறார். எனக்கும் உள்ளூர பயம்தான்.

பழைய_விடுதிக்காரர்:
தம்பி, கூட்டல் கழித்தல் சரி. 42 கட்டிலும் வருடம் முழுக்க நிறைந்திருக்கும் என்று நினைக்கிறாயே, அதுதான் சரியில்லை. சாப்பாடு போக ஓர் ஆளிடம் நிற்பது 5,500. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை, சம்பளம், கரண்ட் என்று 1,87,000 போய்விடும். 34 பேர் இருந்தால்தான் கையைக் கடிக்காது. 30 பேர் என்றால் மாதம் 22,000 நஷ்டம்.

நான் பெருங்குடியில் நடத்தினேன். 2020 மார்ச் ஊரடங்கில் பையன்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். கம்பெனிகள் வீட்டிலிருந்தே வேலை என்றதும் யாரும் திரும்பவில்லை. வாடகையை ஓனர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டே வந்தார். எட்டாவது மாதம் காலி செய்தேன், கட்டில்களைப் பாதி விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. 16 லட்சத்தை இறக்கிவிட்டு ஒரு லட்சத்தோடு நிற்காதே. ஆறு மாத வாடகை தனியாக இருக்கட்டும்.

வேளச்சேரி_அக்கா:
தண்ணீரையும் பாருங்க தம்பி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெருங்குடிப் பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்தத் தெரு டீக்கடையில் எவ்வளவு உயரம் நின்றது என்று கேளுங்க, உண்மையைச் சொல்வாங்க. போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்க. 2019 கோடையில் நம்ம ஓஎம்ஆர் சாலைப் பக்கம் லாரித் தண்ணீருக்கு எல்லோரும் பட்ட பாட்டை மறக்க முடியாது.

பத்திர_வேலை:
சார், கட்டில் காலியாக இருப்பதைவிட எனக்குப் பெரிய பயம் அந்தப் பத்து லட்சம்தான். அது அடுத்தவர் கட்டடத்தில் மாட்டிக்கொள்ளும் பணம். முதலில் 30 வருட வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) போட்டுப் பாருங்கள், பதிவுத்துறை இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். கட்டடம் அடமானத்தில் இருந்து கடன் நின்றுபோனால், சர்ஃபேசி என்ற வங்கிக் கடன் மீட்புச் சட்டப்படி வங்கி கட்டடத்தை எடுத்துக்கொள்ளும். வங்கி சம்மதமில்லாமல் போட்ட லீஸை வைத்து நீங்கள் நிற்பது கஷ்டம். அட்வான்ஸுக்கு ஓனர் பின்னால் அலைய வேண்டியதுதான்.

2017 வாடகைச் சட்டப்படி வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. நீங்கள் பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டால் நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். விடுதி நடத்தவும் ஆட்களைத் தங்க வைக்கவும் ஓனர் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஐந்து வருட லீஸைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவைத் தவிர்க்க '11 மாதத்துக்கு எழுதிப் புதுப்பித்துக்கலாம்' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கத்தார்_திரும்பியவன்:
வில்லங்கம் எடுத்தேன். 2021-இல் வங்கியில் பத்திரம் வைத்த பதிவு இருக்கிறது, கடன் அடைந்ததைக் காட்டும் ரத்து ரசீது இல்லை. ஓனரிடம் கேட்டால் "அது பழைய கடன் தம்பி, கண்டுக்காதீங்க" என்கிறார்.

பத்திர_வேலை:
முடிந்த கடன் என்றால் ரசீது பதிவு செய்யட்டும். ஓடுகிற கடன் என்றால் வங்கியின் சம்மதக் கடிதம் வாங்கித் தரட்டும். இரண்டும் இல்லாமல் ஒரு ரூபாய் தராதீர்கள்.

கத்தார்_திரும்பியவன்:
நேரில் பேசினேன் சார். கடன் இன்னும் ஓடுகிறதாம். அட்வான்ஸை நான்கு மாதமாகக் குறைக்கச் சம்மதித்தார், வங்கிக் கடிதத்துக்கு இரண்டு வாரம் கேட்டிருக்கிறார். டோக்கன் கொடுக்கவில்லை. வேளச்சேரி அக்கா, டீக்கடையில் கேட்டேன்: இடுப்பளவு நின்றதாம். தரைத்தளத்து நான்கு அறையை விட்டுவிட்டு 30 கட்டிலுக்குக் கணக்குப் போட்டால், வாடகை எழுபதாயிரத்துக்கு இறங்கினால்தான் கொஞ்சமாவது நிற்கிறது. அடுத்து அதைத்தான் பேசப் போகிறேன்.