அப்டேட்: குடல் ஒட்டல் வலிக்கு லேப்ராஸ்கோபி பண்ணி ஆறு வாரம் ஆச்சு

போன தடவ கேட்டிருந்தேன்ல, அப்பெண்டிக்ஸ் வெடிச்சு வயித்த தொறந்து ஆபரேஷன் பண்ணதுல இருந்து நாலு வருஷமா வலது பக்கம் இழுத்துப் பிடிக்கற வலி, சிடி ஸ்கேன்லாம் நார்மல், ஆபரேஷனுக்கப்புறம் குடல் உள்ள தழும்பு மாதிரி ஒட்டிக்கறத, அதான் ஒட்டல், லேப்ராஸ்கோபில (சின்ன துளை போட்டு கேமரா விட்டு பண்றது) பிரிச்சு விடலாமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, பண்ணிட்டேன்.

டாக்டரம்மா எதையும் மறைக்கல. 2003ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த நெதர்லாந்து ஆராய்ச்சிய சொன்னாங்க, 100 பேர்ல ஏறக்குறைய பாதி பேருக்கு ஒட்டல பிரிச்சாங்க, மீதி பேருக்கு கேமரா விட்டு பாத்ததோட சரி, ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு குரூப்புக்குமே வலி ஒரே மாதிரிதான் கொறஞ்சிருக்கு. பிரிக்கறப்ப குடல்ல ஓட்டை விழலாம், திரும்பவும் ஒட்டிக்கலாம். இத கேட்டு பயந்து தள்ளிப்போட்டேன், ஆனா குடல் அடைப்பு வந்து ரெண்டு தடவ அட்மிட் ஆனதுக்கப்புறம் வேற வழி தெரியல.

வீடியோ காட்டுனாங்க. பழைய தையலுக்கு உள்பக்கம் சிறுகுடல் ஜவ்வு மாதிரி ஒட்டிக்கிட்டு, ஒரு எடத்துல கயிறு மாதிரி பட்டை, அத கத்திரியால கொஞ்சம் கொஞ்சமா வெட்டுறாங்க, பாக்கவே கண்ணு கலங்கிருச்சு. மூணு துளைதான், அத விட உள்ள நிரப்புன கேஸ் ஏறி தோள்பட்டைல வந்த வலிதான் ரெண்டு நாள் பாடா படுத்துச்சு, நடக்க நடக்க சரியாச்சு.

இப்ப அந்த இழுக்கற வலி முக்கால்வாசி இல்ல, ஆனா முழுசா போகல. நேத்து பல நாளைக்கப்புறம் கஞ்சிய விட்டு சாதம், கீரை சாப்பிட்டேன், வாந்தி வரல. உங்க யாருக்காவது வயிறு உப்பி, வாந்தி வந்து, காத்தும் பிரியலன்னா வீட்ல பேதி மாத்திரை போட்டு பாக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. மூணு மாச செக்கப் முடிஞ்சதும் திரும்ப எழுதுறேன்.