மறு: மூலம் கெடாத மாற்றமைப்புக்கு ஒரு சொல் – "மூலவாகு"

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய கணினி விளையாட்டு ஒன்றை மாற்றியோ புதிதாகக் கட்டியோ வெளியிடுவதை மாற்றமைப்பு என்கிறோம். அதில் மூலத்தின் உணர்வு கெடாமல் இருப்பதற்கு ஒரு சொல் தேடியபோது நண்பர் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> மூல விளையாட்டின் உணர்வைக் காப்பாற்றும் மாற்றமைப்பை 'மூல விசுவாசம்' உடையது எனலாமே?

எனக்கு உடன்பாடில்லை. விசுவாசம் என்று எங்கள் குமரி மாவட்டத்தில் சொன்னால் தேவாலயம்தான் முதலில் நினைவுக்கு வரும். 'அசல்தன்மை'யும் பொருந்தாது. 1998 இல் வந்த 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை ரசிகர்கள் புதிதாகக் கட்டி 2012 இல் 'பிளாக் மெசா' என வெளியிட்டார்கள். சுவர், முகம், ஒளி எல்லாம் புதியவை. தண்டவாளத்தில் போகும் அத்தியாயத்தைச் சுருக்கியும்விட்டார்கள். ஆனாலும் பழைய விளையாட்டைத்தான் ஆடுகிறோம் என்று மனம் ஒப்புகிறது. எது மாறாமல் நின்றதோ அதற்குத்தான் பெயர் வேண்டும்.

தக்கலையில் எங்கள் தெரு ஆசாரி சென்ற மாதம் மரம் செதுக்கும் வாச்சிக்குப் புதுப்பிடி போட்டார். பழைய பிடியில் பெருவிரல் பதிந்து தேய்ந்த குழியைப் புதியதிலும் செதுக்கினார். ஒரு பலகையில் நாலு கொத்து கொத்திப் பார்த்துவிட்டு, "கைவாகு அப்படியே இருக்கிறது" என்றார். மரம் வேறு, நிறம் வேறு; கைக்குப் பழகிய வாகு மட்டும் மாறவில்லை.

ஆகவே என் பரிந்துரை: மூலவாகு.

ஒரு மாற்றமைப்பில் மூலவாகு நிற்கிறதா என்று சோதிக்கவும் வழி உண்டு. 1993 இல் வந்த 'டூம்' விளையாட்டின் ஆட்டப்பதிவில் படம் இருக்காது. விளையாட்டின் கடிகாரம் நொடிக்கு 35 முறை துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் ஆடுபவர் கொடுத்த கட்டளை மட்டுமே பதிவாகும். எதிரியின் குறி தவறுவதுகூட 256 எண்கள் கொண்ட நிலையான பட்டியலைப் பார்த்தே முடிவாகிறது. மாற்றமைப்பில் விதி எங்காவது இம்மி பிசகினால், அதில் பழைய பதிவை ஓட்டும்போது வீரர் கதவைத் தவறவிட்டுச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். 1997 இல் டூமின் மூலநிரல் (source code) வெளியான பிறகு உருவான 'சாக்லேட் டூம்' என்ற மாற்றமைப்பு பழைய பிழைகளையும் விடாமல் வைத்திருப்பது இதனால்தான். அந்தப் பிழைகளும் ஆடியவர் கைக்குப் பழகியவை அல்லவா!

'வாகு' என்றால் தோள் என்றும் பொருள் உண்டே என்று இலக்கியம் படித்தவர்கள் கேட்பார்கள். உடல்வாகு, கைவாகு என்று நாள்தோறும் பேசுகிறவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது. 'மூலவாகு கெடாத மாற்றமைப்பு', 'குதிக்கும் உயரத்தைக் கூட்டியதும் மூலவாகு போய்விட்டது' என்று எழுதிப் பார்த்தேன், தடங்கலின்றி வருகிறது.

நீங்களும் ஆளுக்கொரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். எங்கே இடறுகிறது என்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
தக்கலையிலிருந்து