கொட்டாவி விட்டால் மதிப்பெண் குறைகிறது: வண்டிக்குள் இருக்கும் கேமராவால் உடம்பு கெடுமா?

எண்ணூர் டிரெய்லர்:

கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறேன். மணலி, மாதவரம் பக்கத்துக் கிடங்குகளிலிருந்து துறைமுகத்துக்குப் பெட்டி கொண்டுபோவதுதான் பிழைப்பு. தீபாவளி கழிந்ததும் எங்கள் வண்டிகளில் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா பொருத்தினார்கள். அதற்கு ஒரு கண் சாலை மீது, இன்னொரு கண் என் மீது. செயற்கை நுண்ணறிவாம். இமை செருகினாலோ, கொட்டாவி விட்டாலோ, கை காதருகே போனாலோ கீச்சென்று ஒலி எழும்பும். பின்னாலேயே ஒரு பெண் குரல் இந்தியில் அதட்டும். அலுவலகத்தில் என் பெயருக்கு நேரே மதிப்பெண் குறையும். மாதக் கடைசியில் ஊக்கத்தொகையில் கை வைப்பார்கள்.

விபத்தைத் தடுக்கும் என்றார்கள். தடுக்கட்டும், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அது கண்டுபிடிக்கும் குற்றங்களைக் கேளுங்கள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கினால் செல்போன் பேசியதாகப் பதிவாகிறது. காது குடைந்தாலும் செல்போன்தான். துண்டால் முகம் துடைத்தால் கேமராவை மறைத்தேனாம். 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளில் ஓட்டுநர் அறைக்கு ஏ.சி. கட்டாயம். என் வண்டி அதற்கு மூத்தது. வெயிலில் எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்தின் ஜீரோ கேட் வரைக்கும் ஊர்ந்து போகிறவன் முகம் துடைக்காமல் இருக்க முடியுமா?

எனக்கு எரிச்சல் தருவது இதுவல்ல. இரவு முழுவதும் வரிசையில் கிடந்து, விடியும் நேரத்தில் பெட்டியை இறக்கிவிட்டு வெளியே வருகிறேன். கேட்டைத் தாண்டுவதற்குள் செல்போனில் அடுத்த லோடு வந்து விழுகிறது. அதை ஒதுக்குவதும் ஒரு மென்பொருள்தான், ஆள் இல்லை. இவன் தூங்கி வழிகிறான் என்று ஒரு இயந்திரம் எழுதி வைக்கிறது. அதே கம்பெனியின் இன்னொரு இயந்திரம் அவனையே உடனே செங்குன்றத்துக்கு அனுப்புகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாதா? அபராதம் மட்டும் எனக்கா?

வீட்டில் படுத்தாலும் அந்தக் கீச்சொலி காதில் கேட்கிறது. திடுக்கென்று விழித்துக்கொள்கிறேன், நெஞ்சு படபடக்கிறது. கழுத்து இறுகிக் கிடக்கிறது. வரிசையில் கழிப்பறை கிடையாது, பாட்டிலைத் தூக்கினாலும் பதிவு, அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டேன். இப்போது சிறுநீர் எரிகிறது. இதெல்லாம் கேமராவால்தானா, வயதா? முதலாளியிடம் என்ன கேட்பது?

தண்டையார்பேட்டை பெரியவர்:

தம்பி, வயதென்று யார் சொன்னது? நான் துறைமுக வண்டி ஓட்டிய காலத்திலும் வரிசை இருந்தது, தூக்கமில்லாத இரவும் இருந்தது. ஆனால் தூக்கம் வந்தால் ஓரங்கட்டிவிட்டுக் கிளீனரை எழுப்பிக் காவல் வைப்போம். இப்போது கிளீனரும் இல்லை, ஓரங்கட்டினால் ஏன் நின்றாய் என்று ஜி.பி.எஸ். கேட்கிறது.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி ஓய்வு, ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையில் ஒன்பது மணி நேரம் தொடர்ந்த ஓய்வு என்று அப்போதே எழுதி வைத்தார்கள். இப்போது பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்துப் புதிய தொகுப்புச் சட்டங்கள் வந்துவிட்டன, அது வேறு கதை. வரிசையில் நிற்பது வேலையா ஓய்வா என்று உங்கள் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். ஓய்வு என்று எழுதித் தரும் துணிச்சல் யாருக்கும் வராது.

மாதவரம் மூன்று வண்டி:

முதலாளி தரப்பையும் ஒருவர் சொல்ல வேண்டும் அல்லவா? என் ஓட்டுநர் ஒருவர் கண் அசந்து நடுத்தடுப்பில் ஏறினார். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கேமரா வைத்த பிறகுதான் எனக்கு இரவில் தூக்கம் வருகிறது. ஓட்டுநர்கள் எல்லாவற்றுக்கும் முனகுவார்கள்.

வியாசர்பாடி நிரல்:

அண்ணா, இந்தக் கேமரா மென்பொருள் துறையில்தான் வேலை செய்கிறேன். கேமரா உங்கள் களைப்பைப் பார்ப்பதில்லை, இமையைத்தான் அளக்கிறது. ஒரு நிமிடத்தில் எத்தனை விழுக்காடு நேரம் கண் எண்பது விழுக்காட்டுக்கு மேல் மூடியிருந்தது என்பதுதான் வழக்கமான கணக்கு. இயல்பிலேயே சிறிய கண் உள்ளவர், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குபவர், தாழ்ந்த கோணத்தில் பொருத்தப்பட்ட கேமரா என்றால் கணக்கு தப்பும். கை காதருகே போனால் போன் என்பது அதைவிட முரட்டுத்தனமான ஊகம்.

ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் சில நொடி வீடியோ சேமிக்கப்படும். மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் அதை ஒரு மனிதர் பார்க்க வேண்டும், உங்களுக்கும் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். மென்பொருளில் இதற்கு வசதி இருக்கும், பெரும்பாலும் யாரும் திறப்பதில்லை. ஒலியின் அளவையும் மொழியையும் மாற்றலாம். லோடு ஒதுக்கும் மென்பொருளோடு இதை இணைப்பதும் பெரிய வித்தை இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் செய்யவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவை 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது. ஆனால் ஓட்டுநரின் களைப்பைக் கண்டறிவதை அந்தச் சட்டமே உணர்ச்சிக் கணக்கில் சேர்க்கவில்லை. எனவே கேமராவையே எடுக்கச் சொல்வதைவிட, அதில் கிடைக்கும் தகவலை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் பிடியுங்கள்.

செவிலியர், ராயபுரம்:

முதலில் தண்ணீர் குடியுங்கள். பதிவாகிறதே என்று அஞ்சிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எரிச்சலோடு காய்ச்சலோ முதுகுவலியோ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

படபடப்பை மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எப்போது அதட்டல் வரும் என்று தெரியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவரின் உடல் தளராது, ரத்த அழுத்தம் இறங்காது. லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் கவனித்த வைட்ஹால் ஆய்வில், வேலை மீது தனக்குப் பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகமாக வந்தது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடும் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சொன்னார்கள். வரிசையில் கிடக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் உங்கள் வாரக் கணக்கு எவ்வளவு?

இன்னொன்று. குறட்டை விடுகிறீர்களா? தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் சொல்கிறார்களா? அப்படியானால் எச்சரிக்கைகளில் சில உண்மையாகவே நோயின் அறிகுறியாக இருக்கலாம். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்குச் சிகிச்சை உண்டு. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் இலவசமாகப் பாருங்கள். தேவைப்பட்டால் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள்.

எண்ணூர் டிரெய்லர்:

எல்லோருக்கும் நன்றி. சகோதரி, குறட்டை உண்டு. மனைவியிடம் கேட்டேன், மூச்சு நிற்பதை இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். பரிசோதனைக்குப் போகிறேன்.

மாதவரம் அண்ணே, உங்கள் தூக்கம் நல்லபடியாக இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. நடுத்தடுப்பில் ஏறினாரே அந்த ஓட்டுநர், அதற்கு முன்னால் அவர் எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்று பார்த்தீர்களா?

நாங்கள் சிலர் சேர்ந்து முதலாளியிடம் பேசப் போகிறோம். தூக்க எச்சரிக்கை வந்தவருக்கு அடுத்த லோடு தானாக நிற்க வேண்டும், அதற்காகப் பேட்டா குறையக் கூடாது. வீடியோவைக் காட்டாமல் மதிப்பெண்ணில் கை வைக்கக் கூடாது. குரல் தமிழில் பேச வேண்டும், அதுவும் அதட்டாமல். பெரியவரே, வரிசை நேரம் பற்றிய கடிதத்தை எழுதித் தர முடியுமா? எனக்கு வண்டி ஓட்டும் அளவுக்கு எழுத வராது.

தண்டையார்பேட்டை பெரியவர்:

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், எழுதிவிடுவோம். வண்டி எண், கேட்டில் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வாருங்கள். கேட் பாஸ்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.